தச்சர் மகன் தந்த 'கருடன்'

குழந்தைகளே! மிக்-21, மிக்-29 என்று போர் விமானங்களின் பெயர்களைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். இந்த 'மிக்' என்றால் என்ன தெரியுமா? அது ஓர் ஊரின் பெயரும் அல்ல. தொழிற்சாலையின் பெயரும் அல்ல. இரண்டு மனிதர்களின் பெயர்கள் சேர்ந்த சொல் அது. ஒருவர் ஆர்ட்டெம் மிகோயன். மற்றவர் மிகயீல் குரேவிச். ரஷ்ய மொழியில் 'இ' என்றால், நாம் இரு பெயர்களைச் சேர்த்துச் சொல்லும்போது போடும் 'உம்' போன்றது. 'மிகோயன் இ குரேவிச்' என்பதன் முதல் எழுத்துகள்தான் சேர்ந்து 'மிக்' ஆயின.

இவர்களில் மிகோயனின் குழு, ஒலியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் பறக்கும் ஓர் உளவு விமானத்தை உருவாக்கியது. அந்த விமானம் நம் இந்திய விமானப்படையிலும் 25 ஆண்டுகள் பணியாற்றியது. இங்கே அதற்கு வைத்த பெயர் 'கருடா'. நம் பெருமாள் கோவில்களில் பார்க்கிறோமே, அதே கருடன்தான்! இனி மிகோயனின் கதையைப் பார்ப்போம்.

மலைக் கிராமத்துச் சிறுவன்

நம் கல்வராயன் மலையில் உள்ளதுபோல, மலைகளுக்கு நடுவே அமைந்த ஒரு சிற்றூர் சனாகின். இது ஆர்மீனியா நாட்டில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் தோன்றிய பழமையான ஒரு மடாலயம் அந்த ஊரின் பெருமை. 1905-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி அங்கே பிறந்தார் ஆர்ட்டெம் மிகோயன். அப்போது ஆர்மீனியா ரஷ்யப் பேரரசின் பகுதியாக இருந்தது.

அவருடைய தந்தை ஒரு தச்சர். ஐந்து பிள்ளைகள் உள்ள அந்த வீட்டில் ஆர்ட்டெம்தான் கடைக்குட்டி. உளி, வாள், இழைப்புளி இவற்றின் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளை. அவருக்குப் பதின்மூன்று வயது ஆனபோது, 1918-இல் தந்தை காலமானார்.

சிறுவன் ஆர்ட்டெம் படிப்பதற்காகத் திப்லிஸ் நகருக்குச் சென்றார். இன்று ஜார்ஜியா நாட்டின் தலைநகரமாக இருக்கும் திபிலிசிதான் அது. பிறகு வேலை தேடி ரஷ்யாவின் ரஸ்தோவ் நகருக்குப் போனார். அங்கே விவசாயக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை கற்றுக்கொண்டார். சுழலும் இரும்பைக் கூர்மையான கருவியால் சீவி வடிவமைக்கும் வேலை அது. மயிரிழை அளவு கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பாகம் பொருந்தாது. பின்னர் மாஸ்கோ சென்று, அங்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்.

மரத்தைப் பற்றித் தந்தையிடமும், இரும்பைப் பற்றித் தொழிற்சாலையிலும் தெரிந்துகொண்ட பிள்ளை அவர். இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் நமக்கு இது தேவைப்படும்.

படிப்புக்கு வயது தடையா?

ராணுவச் சேவைக்குப் பிறகு, 1931-இல் மாஸ்கோவில் உள்ள ஜுகோவ்ஸ்கி விமானப்படைக் கல்விக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார் மிகோயன். அப்போது அவருக்கு வயது 26. பட்டறையில் உழைத்துவிட்டு வந்தவர், மீண்டும் கணக்கும் இயற்பியலும் படிக்க உட்கார்ந்தார். அங்கே படித்தபோதே சக மாணவர்களோடு சேர்ந்து சிறிய விமானம் ஒன்றை வடிவமைத்துப் பறக்கவிட்டார்! 1937-இல் படிப்பை முடித்து வெளியே வந்தார்.

1939 டிசம்பரில் புதிய போர் விமானங்களை வடிவமைக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. 34 வயது மிகோயன் அதன் தலைவர். அவருக்குத் துணையாக இருந்தவர் குரேவிச். மிகோயனைவிட 12 வயது மூத்தவர். விமானக் கணக்குகளில் பெரும் அனுபவசாலி. தன்னை முன்னிறுத்திக்கொள்ளாத அமைதியான மனிதர். வயதில் மூத்தவர் துணைவராகவும், இளையவர் தலைவராகவும் இருந்தும், இருவரும் கால் நூற்றாண்டு ஒற்றுமையாக உழைத்தார்கள்.

மிகோயனின் அண்ணன் அனஸ்தாஸ் அப்போது சோவியத் அரசாங்கத்தில் பெரிய தலைவர். ஆனால் ஒரு விமானம் மேலே எழும்புமா, கீழே விழுமா என்பதை அண்ணனின் பதவி முடிவு செய்யாது. காற்றுதான் முடிவு செய்யும்!

மரத்தில் ஒரு போர் விமானம்

அவர்கள் குழுவின் முதல் விமானம் மிக்-1. மூத்த வடிவமைப்பாளர் போலிகார்போவ் தொடங்கி வைத்த திட்டத்தை எடுத்து இவர்கள் முடித்தார்கள். 1940 ஏப்ரல் 5-ஆம் தேதி அது முதன்முதலாகப் பறந்தது. மணிக்கு 640 கிலோமீட்டருக்கு மேல் வேகம். அந்தக் காலத்துக்கு அது மிகப் பெரிய வேகம்.

அந்த விமானத்தின் பின்பகுதியும் இறக்கைகளின் வெளிப்பகுதியும் மரத்தால் ஆனவை. முன்பகுதியில் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த சட்டம். விமானத்துக்கு ஏற்றது அலுமினியம்தான். ஆனால் அது போதிய அளவு கிடைக்கவில்லை. இல்லாத பொருளுக்காகக் காத்திருக்காமல், இருக்கும் பொருளில் எது எங்கே பொருந்தும் என்று பார்த்துச் செய்தார்கள்.

அடுத்து வந்தது மிக்-3. மூவாயிரத்துக்கும் அதிகமான விமானங்கள் செய்யப்பட்டன. 1941 ஜூன் 22-ஆம் தேதி ஜெர்மனி சோவியத் நாட்டின்மீது படையெடுத்தது. மிக்-3 உயரத்தில் மிக நன்றாகப் பறக்கும். ஆனால் சண்டைகளோ பெரும்பாலும் தாழ்வான உயரத்தில் நடந்தன! அங்கே அது தடுமாறியது. அதன் எஞ்சினைச் செய்த தொழிற்சாலையும் வேறொரு விமானத்தின் எஞ்சினைச் செய்ய வேண்டியதாயிற்று. 1941 டிசம்பரில் மிக்-3 உற்பத்தி நின்றது.

அதன்பிறகு போர் முடியும்வரை, மிகோயன் குழு வடிவமைத்த எந்த விமானமும் பெரும் எண்ணிக்கையில் தயாராகவில்லை. மற்றவர்களின் விமானங்கள் நாட்டைக் காத்துக்கொண்டிருந்தன. மிகோயனும் குரேவிச்சும் சோர்ந்துவிடவில்லை. ஒவ்வொரு சோதனை விமானமாகச் செய்து பார்த்து, அதிக உயரம், அதிக வேகம் என்றால் என்னென்ன சிக்கல் வரும் என்று கற்றுக்கொண்டே இருந்தார்கள்.

ஜெட் யுகம்

போர் முடிந்தது. சுழலும் விசிறிகளுக்குப் பதிலாக ஜெட் எஞ்சின்கள் வந்தன. 1946 ஏப்ரல் 24-ஆம் தேதி மிகோயன் குழுவின் முதல் ஜெட் விமானம் மிக்-9 பறந்தது. அதை ஓட்டியவர் சோதனை விமானி அலெக்ஸி கிரிஞ்சிக். ஆனால் மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 11-ஆம் தேதி அதே விமானம் விழுந்து நொறுங்கி, கிரிஞ்சிக் உயிரிழந்தார்.

சோதனை விமானியின் வேலை என்ன தெரியுமா? இதற்கு முன் யாருமே ஓட்டிப் பார்க்காத விமானத்தை முதன்முதலாக ஓட்டுவது. வடிவமைப்பாளர் தாளில் போட்ட கணக்கை நம்பி ஒருவர் உயிரைப் பணயம் வைக்கிறார். கணக்கில் பிழை இருந்தால், தேர்வில் மதிப்பெண் குறைவதுபோல முடிந்துவிடாது. மிகோயனின் வாழ்நாள் முழுவதும் இந்தப் பாரம் அவர் தோளில் இருந்தது.

1947 டிசம்பர் 30-ஆம் தேதி மிக்-15 பறந்தது. அம்பின் முனைபோல இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்த விமானம் அது. 1950-இல் தொடங்கிய கொரியப் போரில் அதன் வேகத்தைக் கண்டு உலகமே வியந்தது. அடுத்தடுத்து மிக்-17, மிக்-19 வந்தன. பிறகு வந்த மிக்-21 விமானங்கள் பல நாடுகளுக்கும் பத்தாயிரத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டன. 1963-இல் அவை இந்தியாவுக்கு வந்தன. பின்னர் நாசிக் தொழிற்சாலையில் நாமே அவற்றைத் தயாரித்தோம். 1971 போரில் அவை பெரும்பங்கு ஆற்றின. விபத்துகளில் நம் விமானிகள் பலரை இழந்ததும் உண்டு. 62 ஆண்டு சேவைக்குப் பிறகு, 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுக்கப்பட்டது.

வானத்துக் கண்

எதிரி எங்கே படையைக் குவிக்கிறான், எங்கே பாலம் கட்டுகிறான் என்று தெரிந்துகொள்வது போரில் மிக முக்கியம். வானத்திலிருந்து படம் எடுத்து வருவதுதான் உளவு விமானத்தின் வேலை. சண்டை போடுவது அதன் நோக்கம் அல்ல. அது பத்திரமாகத் திரும்பி வந்து படத்தைக் கொடுத்தால்தான் வெற்றி.

அமெரிக்காவின் யு-2 என்ற உளவு விமானம் 20 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்தது. நம் தொட்டபெட்டா சிகரத்தைப் போல ஏழு சிகரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த உயரம் வராது! அவ்வளவு உயரத்தில் யாராலும் தொட முடியாது என்று நினைத்தார்கள். ஆனால் 1960 மே 1-ஆம் தேதி சோவியத் ஏவுகணை ஒன்று அதை வீழ்த்தியது. உயரம் மட்டும் போதாது, வேகமும் வேண்டும் என்று எல்லாருக்கும் புரிந்தது.

அந்த ஆண்டுகளில்தான் மிகோயன் குழு மிக்-25 விமானத்தை வடிவமைக்கத் தொடங்கியது. எதிரி விமானத்தைத் துரத்திப் பிடிக்க ஒரு வகை. உளவு பார்க்க ஒரு வகை. இலக்கு மணிக்கு 3,000 கிலோமீட்டர் வேகம்.

இந்த வேகத்தை நினைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 50 கிலோமீட்டர்! மணலூர்பேட்டையிலிருந்து திருவண்ணாமலைக்கு ஒரு நிமிடத்துக்குள் போய்விடலாம். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. நம் ஊர் ஆற்றுத் திருவிழாவில் வாணவேடிக்கை பார்க்கிறோம். வெளிச்சம் முதலில் தெரியும். சத்தம் பிறகுதான் வந்து சேரும். அந்தச் சத்தம் ஓடுவதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான வேகம் இது.

சைக்கிள் பம்ப் சொல்லும் பாடம்

இந்த வேகத்துக்குப் பெரிய எதிரி எது? சூடு! சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு, பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும். காற்றை வேகமாக அழுத்தினால் அது சூடாகும். விமானம் அதிவேகமாகப் பாயும்போது முன்னால் உள்ள காற்றை அப்படித்தான் அழுத்துகிறது. அந்த உயரத்தில் வெளியே உறைய வைக்கும் குளிர். பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக்கும் மேல். ஆனால் விமானத்தின் மூக்கோ 300 டிகிரி அளவுக்குச் சூடாகிவிடும்!

சாதாரண விமானங்கள் அலுமினியக் கலவையால் ஆனவை. அலுமினியம் லேசானது. ஆனால் 150 டிகிரியைத் தாண்டினால் அதன் வலிமை குறையத் தொடங்கும். தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைத்த அலுமினியப் பாத்திரம் நெளிந்துபோவதைப் பார்த்திருப்பீர்களே!

அப்படியானால் வேறு எந்த உலோகம்? டைட்டானியம் ஒன்று இருக்கிறது. லேசானது, வலிமையானது, சூட்டையும் தாங்கும். அதே காலத்தில் அமெரிக்காவில் கெல்லி ஜான்சன் என்ற மேதை, எஸ்.ஆர்.-71 என்ற உளவு விமானத்தைப் பெரும்பாலும் டைட்டானியத்திலேயே செய்தார். ஆனால் டைட்டானியம் விலை மிகுந்தது. வளைப்பதும் பற்றவைப்பதும் மிகக் கடினம். நூற்றுக்கணக்கில் விமானம் செய்ய வேண்டிய மிகோயனுக்கு அது ஒத்துவராது.

மிகோயன் குழு தேர்ந்தெடுத்தது, சூடு தாங்கும் உயர்வகை எஃகு! ஆமாம், தோசைக்கல்லின் இரும்பு இனத்தைச் சேர்ந்த எஃகுதான். விமானத்தின் எடையில் சுமார் 80 விழுக்காடு எஃகு. மிகவும் சூடாகும் இடங்களில் மட்டும் கொஞ்சம் டைட்டானியம். அதிகம் சூடாகாத இடங்களில் அலுமினியம்.

எஃகு கனமாயிற்றே, பறக்குமா? அதற்கும் வழி செய்தார்கள். இரண்டு ராட்சத ஜெட் எஞ்சின்களைப் பொருத்தினார்கள். எஃகினால் ஆன விமான உடலின் பெரும்பகுதியையே எரிபொருள் தொட்டியாக்கினார்கள். பாகங்களை ஆணி அறைந்து இணைக்காமல் பற்றவைத்தார்கள். வெல்டிங் தெரிந்த தொழிலாளர்கள் நாடெங்கும் இருந்தார்கள். பற்றவைத்த இடத்தில் விரிசல் விழுந்தால், அங்கேயே மீண்டும் பற்றவைத்துச் சரிசெய்துவிடலாம்.

முதல் விமானத்தில் மரம், இதில் எஃகு. தச்சர் மகனின் வழி மாறவே இல்லை பார்த்தீர்களா? இருக்கும் பொருளை, அது எங்கே பொருந்துமோ அங்கே பயன்படுத்துவது!

1964 மார்ச் 6-ஆம் தேதி, மிக்-25-இன் உளவு வகை முதன்முதலாகப் பறந்தது. ஓட்டியவர் அலெக்சாந்தர் ஃபெதோதோவ். அதே ஆண்டு குரேவிச் ஓய்வு பெற்றார்.

கொடுத்த விலை

அதிவேகம் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 1967-இல் சோதனை விமானி இகோர் லெஸ்னிகோவ் இந்த விமானத்தில் பறந்தபோது விபத்தில் இறந்தார். அதன்பிறகு விமானத்தைச் சாய்த்துத் திருப்பும் அமைப்பை மாற்றி வடிவமைத்தார்கள். 1969-இல் வான் பாதுகாப்பு விமானப் பிரிவின் தளபதி காடோம்ட்செவ், இதே விமானத்தில் பறந்தபோது உயிரிழந்தார்.

மிகோயனுக்கு ஏற்கெனவே இதயம் பலவீனமாக இருந்தது. 1969-இல் உடல்நிலை மிகவும் மோசமாயிற்று. 1970 டிசம்பர் 9-ஆம் தேதி, 65-ஆம் வயதில் மாஸ்கோவில் காலமானார். மிக்-25 முழுமையாகப் படையில் பணியாற்றுவதைப் பார்க்க அவர் இல்லை.

கருடன் பறந்தது

மறு ஆண்டே, 1971-இல் எகிப்து நாட்டிலிருந்து மிக்-25 உளவு விமானங்கள் சினாய் பாலைவனத்தின் மீது பறந்தன. இஸ்ரேலின் போர் விமானங்கள் துரத்தியும் அவற்றை நெருங்க முடியவில்லை. தப்பிக்க அவற்றுக்கு இருந்த ஆயுதம், வேகமும் உயரமும்தான்.

1976-இல் ஒரு சோவியத் விமானி, மிக்-25 ஒன்றை ஜப்பானுக்கு ஓட்டிச் சென்று இறங்கிவிட்டார். அமெரிக்க நிபுணர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். முழுக்க டைட்டானியமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு எஃகைக் கண்டு ஒரே ஆச்சரியம்! உள்ளே இருந்த ராடாரில், தாத்தா காலத்து ரேடியோக்களில் இருந்ததுபோன்ற வால்வுகள்! முதலில் அதைப் பழைய சரக்கு என்று பலரும் கேலி செய்தார்கள். பிறகுதான் புரிந்தது: மிகுந்த மின்சக்தியையும் சூட்டையும் தாங்க அந்த வால்வுகள் ஏற்றவையாக இருந்தன என்று.

1977 ஆகஸ்ட் 31-ஆம் தேதி, இதன் சிறப்பு வகை ஒன்றில் ஃபெதோதோவ் 37,650 மீட்டர் உயரத்தைத் தொட்டார். தரையிலிருந்து தன் ஜெட் எஞ்சின் சக்தியாலேயே கிளம்பும் விமானங்களில் அந்தச் சாதனையை இதுவரை எதுவும் முறியடிக்கவில்லை.

1981-இல் இந்த விமானங்கள் இந்தியாவுக்கு வந்தன. உத்தரப் பிரதேசத்தின் பரேலி தளத்தில் 102-ஆவது படைப்பிரிவில் சேர்ந்தன. உளவுக்கு எட்டு, விமானிகளுக்குப் பயிற்சி தர இரண்டு. கையில் ஆயுதம் இல்லாமல், கேமராவோடு வானத்தின் உச்சியில் பறந்த இந்தக் கருடன்களைப் பற்றி வெளியே அதிகம் பேசியதே இல்லை. உளவு வேலை ஆயிற்றே! காலப்போக்கில் உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாயிற்று. செயற்கைக்கோள்கள் வானத்துக்கு அப்பாலிருந்தே படம் எடுக்கத் தொடங்கின. 2006 மே மாதத்தில் கருடன்கள் ஓய்வு பெற்றன.

மிகோயன் பிறந்த சனாகினில் இன்று அந்தச் சகோதரர்களின் நினைவாக ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் வாசலில் ஒரு மிக்-21 நிற்கிறது.

மாணவர்களே! வசதியான ஆய்வகம் இல்லை, விலை உயர்ந்த கருவி இல்லை என்று நாமும் பல நேரம் குறைப்பட்டுக்கொள்கிறோம். மிகோயனுக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. கையில் இருந்ததை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். அதைவிட முக்கியம், தன் கணக்கை நம்பி ஒருவர் உயிரோடு மேலே போகிறார் என்பதும் அவருக்குத் தெரியும். அடுத்த முறை கணக்கு நோட்டில் விடையை எழுதிவிட்டு மூடப் போகும்போது, ஒரு தடவை சரிபார்த்துவிட்டு மூடுங்கள்!

மிக்-25 உளவு விமானம்: சில விவரங்கள்

* நீளம்: சுமார் 21.5 மீட்டர். இரண்டு பேருந்துகளை வரிசையாக நிறுத்திய அளவு.
* இறக்கைகளின் அகலம்: சுமார் 13.4 மீட்டர்.
* புறப்படும்போது எடை: சுமார் 41 டன்.
* அதிகபட்ச வேகம்: மணிக்குச் சுமார் 3,000 கிலோமீட்டர். இந்த வேகத்தில் சில நிமிடங்களே பறக்கலாம். அதையும் தாண்டி விரட்டினால் எஞ்சின்கள் பழுதாகிவிடும்.
* விமானியின் உடை: உயரத்தில் காற்று மிகக் குறைவு என்பதால், விண்வெளி வீரரைப்போல அழுத்த உடை அணிவார்.